'முடியாது' என்று சொல்லாத தையல்காரன்

என் தம்பி நல்ல தையல்காரன். வாய்தான் கெட்ட வாய். "நாளைக்கே வேணும் மாஸ்டர்" என்று யாராவது துணியை நீட்டினால், தலையைக்கூட நிமிர்த்தாமல் "முடியாதுங்க" என்பான். முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். கடை மூலையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிற நான்தான் வாசல்வரை ஓடிப்போய் வந்தவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும். எனக்கென்ன தலையெழுத்தா?

குடியை விட்டு மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் திரும்பிய பிறகும் அவன் மனைவி மகளோடு தன் அம்மா வீட்டில்தான் இருந்தாள். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வந்துடறோம். அதுக்குள்ள ஒரு சொட்டு தொட்டாலும் அத்தோட சரி" என்று சொல்லியிருந்தாள். மையத்துக்காரரும் என்னையும் அவளையும் உட்காரவைத்துச் சொன்னார்: "பாட்டிலைத் தொடறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் மாறிடுவாரு. வாயை மோந்து பாக்காதீங்க, ஆளைப் பாருங்க." நான் பெரிதாகத் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, தினமும் வாயைத்தான் மோந்து பார்த்தேன்.

பள்ளிச் சீருடைகள் குவிகிற நேரம். திடீரென்று தம்பி வெல்லக்கட்டியாகிவிட்டான். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க" என்றான். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கும் வாசலுக்கு ஓடுகிற வேலை மிச்சம். "இப்பத்தான்டா நீ மனுஷனா இருக்கே" என்றேன்.

அவன் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தான். "ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது அக்கா."

"வேலையைப் பாரு, தூக்கம் தானா வரும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

அன்று மாலை அவன் மனைவி போன் செய்தாள். "எப்படி இருக்காரு அண்ணி?"

"தங்கமா இருக்கான்மா. யார்கிட்டயும் சிடுசிடுன்னு விழறதில்ல."

"போன தடவையும் இப்படித்தான் அண்ணி. எல்லாருக்கும் சரி சரின்னு சொன்னாரு, சொன்னதைச் செய்ய முடியாம ஓடிப்போய்க் குடிச்சாரு. இப்ப யார்கிட்டயாவது முடியாதுன்னு சொன்னாரா?"

ஒருவரிடமும் அவன் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் வாயை முந்திக்கொண்டது. "சொன்னானே, காலையிலகூட ஒருத்தர்கிட்ட சொன்னானே" என்றேன். கூசாமல் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் நிறைய ஆட்கள். மேசைமேல் பாதித் துணி வெட்டாமலே கிடந்தது. தம்பி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "பட்டன் வாங்கிட்டு வந்துடறேன் அக்கா" என்று இறங்கினான். பட்டன் டப்பாக்களைக் காலையில் நிரப்பியதே நான்தான். எல்லாம் வழிய வழிய இருந்தன.

தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் முன்னால் எப்படிக் கூப்பிடுவது என்று மானம் பார்த்தேன். பிறகுதான் மடியிலிருந்த சட்டையை உதறிவிட்டு ஓடினேன்.

மதுக்கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றிருந்தான். இன்னும் தெருவைத் தாண்டவில்லை. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

"தூக்கம் வரலன்னு சொன்னேனே அக்கா" என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சொன்னேடா. நான்தான் காதுல வாங்கல."

கையை விடாமல் கடைக்குக் கூட்டி வந்தேன். மையத்துக்காரருக்குப் போன் செய்தோம். உடனே வருவதாகச் சொன்னார். அடுத்து, அவன் மனைவிக்குச் செய்தேன். மதுக்கடை எதிரில் அவன் நின்றதைச் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"அவர் உள்ள போகலையே. அது போதும்" என்றாள். பிறகு, "ஆனா நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கல அண்ணி" என்றாள்.

பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. தினமும் மாலையில் போன் மட்டும் தவறாமல் வருகிறது. எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்பதில்லை. "போனைக் கொஞ்சம் கடைப் பக்கம் நீட்டுங்க" என்கிறாள். நான் நீட்டுகிறேன். தம்பி யாரிடமாவது "முடியாதுங்க" என்று எரிந்து விழுவது காதில் விழுந்ததும், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுகிறாள்.