ஆட்டின் கீழ்ப்பாதி

இப்போதெல்லாம் உலகத்தில் எந்த ஊர்ச் சுவரில் என்ன வரைகிறார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். துறைமுகத்துக் குடோன் ஒன்றில் ஆறு மாடி உயரத்துக்கு ஒரு மீன் இருக்கிறது. பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில், தானியம் கொட்டி வைக்கிற உருண்டைக் கோபுரத்தில் இரண்டு கைகள் மாவு பிசைகின்றன. ஊர்ப் பேர் என் வாயில் நுழையாது. ஆனால் அந்தக் கையில் இடது கட்டைவிரல் சரியில்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாம் போனில் வருகிறது, மாட்டுங்காவில் இருக்கும் ஒரு பெண் அனுப்புகிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நான் செய்த ஒரு தப்பினால்தான். அதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

தாராவியில் நாங்கள் இருக்கிற கட்டடம் மூன்று மாடி. சந்துப் பக்கத்துச் சுவரில் ஜன்னலே கிடையாது. தரையிலிருந்து மொட்டைமாடி வரை வெறும் சுவர். அதை ஒட்டிய கீழ்வீடு என்னுடையது. சுவரை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் முப்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான்தான். பான் எச்சில் துப்புகிறவனை நிற்க வைத்துத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். சந்துக் கோவிலில் கொடைத் திருவிழா வந்தால், நீளக் கம்பில் மட்டையைக் கட்டி, எட்டுகிற உயரம் வரை என் கையால் சுண்ணாம்பு அடித்துவிடுவேன்.

அந்த வருஷம் கொடைக்கு முன்னால் செம்பூரில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திரும்பினேன். சந்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் முதல் மாடி உயரத்தில் துணியைக் கட்டி, எதிர்க் கட்டடம் வரை கூரை மாதிரி இழுத்திருந்தார்கள். களைப்பில் படுத்துவிட்டேன். காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்து வெளியே வந்தால், சுவர் முழுக்கக் கறுப்புப் பெயிண்டில் கிறுக்கல். இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு நட்சத்திரம், நத்தை மாதிரி ஒன்று, பெருக்கல் குறி, தலைகீழாக இங்கிலீஷ் எழுத்து. எதற்கும் எதற்கும் சம்பந்தம் இல்லை. வேலையில்லாத பயல்கள் செய்த காரியம் என்று நினைத்தேன். கொடைக்காக ஊற வைத்திருந்த சுண்ணாம்பு தயாராக இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. பந்தல் துணி வரைக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்து முடித்தேன்.

நான் அடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரி, நான் மைனி என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறவள், குடத்தோடு வந்தாள். நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அதில் ஆச்சரியம் இல்லை. காயப்போட்டிருந்த என் புது ரவிக்கையின் ஒரு கையை அவள் ஆடு தின்றுவிட்டது. அன்றிலிருந்து எட்டு மாசமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது.

ஒன்பது மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நெட்டையான வெளிநாட்டுக்காரி, உடுப்பெல்லாம் பெயிண்ட். தென் அமெரிக்கா பக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இன்னொருத்தி மாட்டுங்காப் பெண். சுவர் ஓவியத் திருவிழா ஒன்று நடத்துகிறவர்களிடம் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்காரி சுவரைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மாட்டுங்காப் பெண்தான் எல்லோருக்கும் விளக்கினாள். கிறுக்கல் இல்லையாம் அது, அடையாளமாம். அந்த வெளிநாட்டுக்காரிதான் ஓவியக்காரி. கிறுக்கிய சுவரை எதிர் மொட்டைமாடியில் நின்று போட்டோ எடுப்பாள். அந்தப் போட்டோ மேல், வரையப் போகிற படத்தைப் போனிலேயே பொருத்திக்கொள்வாள். பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாலும், காது இந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போகும், கண் இந்த வட்டத்துக்குள் வரும் என்று கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு பெரிய சுவரானாலும் உலகம் பூராவும் இப்படித்தான் செய்கிறார்களாம். நான் செம்பூரில் இருந்தபோது, பந்தல் கட்டுவதற்கு முன்பே, கிறுக்கிப் போட்டோவும் எடுத்தாகிவிட்டதாம். இப்போது பந்தலுக்கு மேலே அடையாளம் இருக்கிறது, கீழே இல்லை. மறுபடி கிறுக்கினாலும் எதிர் மாடியிலிருந்து போட்டோ எடுக்க முடியாது, பந்தல் துணி மறைக்கிறது. கீழே சந்தோ எட்டடி அகலம். அதில் நின்று எடுத்தால் சுவர் அடங்காது. கொடை முடிகிற வரை பந்தலைப் பிரிக்கக் கோவில்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஓவியக்காரிக்கோ மூன்றாம் நாள் சாயங்காலம் விமானம், வேறு தேசத்தில் வேறு சுவர்.

"யார் இதை அடிச்சாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று மாட்டுங்காப் பெண் கேட்டாள்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைனி மட்டும் என்னைப் பார்த்தாள். அவள் சொல்லி வெளியே வருவதற்கு நானே சொல்வது மேல்.

"நாந்தான் அடிச்சேன். கொடையும் அதுவுமா சொவரு அப்பிடியா கெடக்கும்?"

மைனி ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு வார்த்த கேட்டா கிரீடம் எறங்கிருமாக்கும்."

"பாத்துக்கிட்டு நின்னவளுக்குச் சொல்ல வாய் இல்லையோ?"

"சொன்னா? எங்க ஆட்டத்தான் வரையப்போறாவன்னு தெரிஞ்சா இன்னும் ஒரு கோட்டுல்லா அடிச்சிருப்பிய."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாட்டுங்காப் பெண் போனைக் காட்டினாள். அதே ஆடுதான். ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்று, சந்துக்கே வாடகை வசூலிக்கிறவன் மாதிரி பார்க்கிறது. அது மூன்று மாடி உயரத்துக்கு நம் சுவரில் நிற்கப் போகிறது. அம்மனை வரையலாம், தாமரை வரையலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் ஓவியக்காரி இந்த ஆடுதான் வேண்டும் என்றாளாம்.

வழி இரண்டுதான் என்றாள் மாட்டுங்காப் பெண். தலையும் முதுகும் மட்டும் வரைந்து பாதியில் நிறுத்தலாம். இல்லாவிட்டால் மாஹிம் பக்கம் ஒரு சுவர் இருக்கிறது, அங்கே போய்விடலாம்.

"பாதியிலயா?" என்றாள் மைனி. "கொட அன்னைக்கு ஆட்டுத் தல மட்டும் சொவத்துல நின்னா அது வெட்டிப் போட்ட ஆடுல்லா? எங்க ஆட்ட அப்பிடிப் பாக்க எனக்கு முடியாது. மாஹிமுக்கே போகச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சண்டைக்காரிதான். ஆனால் அவள் குரல் உடைந்ததை நான் கேட்டேன். என் சுவருக்கு வந்த படம் என் கையாலேயே மாஹிமுக்குப் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு டீ குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் முன்பு வேலை பார்த்த கார்க்கானா நினைவுக்கு வந்தது. அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருஷம் புடவைக்கும் லெகங்காவுக்கும் ஜரி வேலை செய்தவள் நான். துணியில் யாரும் கண்ணால் பார்த்து வரைவதில்லை. தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் ஓட்டை போட்டு, தாளைத் துணி மேல் விரித்து நீலப்பொடியைத் தேய்ப்போம். தாளை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாகப் படம் நிற்கும். மயிலுக்கு ஆகிறது ஆட்டுக்கு ஆகாதா?

பெட்டியைத் திறந்து பழைய மயில் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஓவியக்காரியின் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை வழியாக மயில் முழுசும் மின்னியது. அவள் என் கையோடு தாளைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏதோ பேசினாள். அவர்கள் தேசத்தில் பழைய தேவாலயச் சுவர்களிலும் இப்படித்தான் வரைந்தார்கள், தன் வாத்தியார் சொல்லியிருக்கிறார், செய்து பார்த்ததில்லை என்கிறாள் என்று மாட்டுங்காப் பெண் சொன்னாள். பின்னே? நான் செய்து பார்த்தவள்.

அதற்குப் பிறகு நடந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. மொட்டைமாடியிலிருந்து தொங்கவிட்ட தொட்டில் லிஃப்டில் நின்று ஒன்றரை நாளில் அவள் மேல்பாதியை முடித்தாள். மேலே கோடுகள் முடிகிற இடங்களிலிருந்து கல் கட்டிய நூல்களைப் பந்தல் இடுக்கு வழியாகத் தொங்கவிட்டு, அந்த அளவுக்கே கீழ்ப்பாதியைத் தாளில் வரைந்தாள். அட்டைப்பெட்டிக் குடோனில் வாங்கிய பழுப்புத் தாள், டேப் போட்டு ஒட்டியது. கோவில் ஜமுக்காளத்தைச் சந்தில் விரித்து அதன் மேல் தாளைப் போட்டோம். அடியில் மெத்தென்று இருந்தால்தான் ஊசி இறங்கும். சந்துப் பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு ஊசியோடு சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு காலுக்கு மூன்று பேர் என்று பிரித்தேன். முன்னங்கால்காரிகள் பின்னங்கால்காரிகளைக் கேலி செய்தார்கள். வயிற்றைக் குத்தியவள், ஆடு சினையாக இருக்கிறதா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

கதவு திறந்தது. மைனி வந்து இடது பின்னங்காலுக்கு நேரே, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் கோணி ஊசி.

"அது வேண்டாம் மைனி, ஓட்ட பெருசாயிரும்" என்று என் ஊசியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். எட்டு மாசத்தில் நான் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கார்க்கானாவில் பொடியை மண்ணெண்ணெயில் குழைப்போம். சுவரின் ஓரத்தில் அப்படித் தேய்த்துப் பார்த்தேன். நீலம் கண்ணீர் மாதிரி ஒழுகிவிட்டது. உடனே பொடியை வெறுமனே துணியில் முடிந்து, தாள் மேல் தட்டச் சொன்னேன். பந்தல் நிழலில் வெயில் படாத சுண்ணாம்பில் இன்னும் ஈரம் இருந்ததால் பொடி அப்படியே ஒட்டியது. நான்கு பேர் தாளை உரித்தோம். நான்கு காலும் வயிறும் தொங்குகிற மடியும் நீலப் புள்ளிகளாக வெள்ளைச் சுவரில் நின்றன. யாரோ குலவையிட்டார்கள். ஓவியக்காரி அந்தக் குலவையைக் கற்றுக்கொண்டு நாள் முழுக்க இட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் மெயின் ரோட்டில் டாக்சி வந்து நின்றபோது இடது பின்னங்காலின் குளம்பு மட்டும் பாக்கி. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அவள் என்னைப் பார்த்தாள், டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் புள்ளிக்குள் நிற்காமல் கொஞ்சம் தாராளமாகவே அடித்தேன். மைனி பக்கத்தில் நின்று, நடுவில் பிளவு விடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆட்டை முழுசாக இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. மேலே பாதி, கீழே பாதி, நடுவில் பந்தல். இரண்டும் கோணலாகச் சேர்ந்தால் என்ன செய்வது? கொடை நடந்த இரண்டு நாளும் சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அதே நினைப்பு.

கொடை முடிந்த மறுநாள் காலையில் பந்தல் பிரிக்க ஆள் வந்தது. நானும் மைனியும் முட்டி வலியோடு எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏறினோம். ஓவியக்காரிக்கு அனுப்புவதற்காக மாட்டுங்காப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கயிறு அவிழ்ந்தது, இன்னொன்று அவிழ்ந்தது. துணி மெள்ளச் சரிந்தது. நெஞ்சுக் கோடு மேலேயிருந்து இறங்கி வந்து, சுண்ணாம்பு தொடங்குகிற இடத்தில் ஒரு நூல்கூடப் பிசகாமல் முன்னங்காலில் சேர்ந்தது. மூன்று மாடி ஆடு, நான்கு காலும் ஊன்றி, தாராவியையே வாடகைக்கு விட்டவன் மாதிரி பார்த்தது.

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை அதைப் பார்த்தாள்.

"அந்தக் கொளம்பு பெருசு" என்றாள்.

"ஆடு பெருசுல்லா மைனி" என்றேன்.