ஒற்றை வரி அறிக்கை அனுப்பும் அக்காவைத் தேடி புத்தூருக்கு

சுற்றிப்பார்க்கப் போகவில்லை. அக்காவைக் கையோடு கூட்டிவரத்தான் போன பெப்ரவரியில் யாழ்ப்பாணம் போனேன்.

அக்கா ஜெசி அங்கே கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போய்ப் பதினொரு வருடம். புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன சபையில் சீஷத்துவ வகுப்பும் (விசுவாசத்தில் வளரப் பழக்குவது) மனநல ஆலோசனையும் அவள் வேலை. பணம் அனுப்பி அவளைத் தாங்குவது நாகர்கோவிலில் உள்ள எங்கள் சபை. மற்ற ஊழியர்கள் மாதம் தவறாமல் படத்தோடு சாட்சி எழுதி அனுப்புகிறார்கள். இவள் அறிக்கையோ, ‘வேலை நடக்கிறது, ஜெபியுங்கள்.’ அவ்வளவுதான்! சபைக் கமிட்டிக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவுக்கோ மகளைப் பார்க்காத ஏக்கம். விசா புதுப்பிக்கும் கடிதத்தில் திங்கட்கிழமைக்குள் அக்கா கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடவிடாமல் தடுக்க, அவளுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட்டோடு வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன்.

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயிலில் பதின்மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வெளிநாட்டுக்குப் போனதில் களைப்பில்லை, சென்னைக்குப் போனதில்தான் முதுகு ஒடிந்தது.

பலாலியிலிருந்து அக்கா வீடு பதினொரு கிலோமீட்டர். ஓட்டோவுக்கு இலங்கைக் காசில் 1,800 ரூபாய். அக்கா அனுப்பியிருந்த ஓட்டோக்காரர் யோகன் அண்ணை (பெயரை மாற்றியிருக்கிறேன்) அதே சபைக்காரர்.

“ஜெசி அக்காவின்ரை தம்பியோ? முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஏறுங்கோ” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “அக்கா போகப்போறா எண்டு கதைக்கினம். உண்மையோ?” என்று கேட்டார்.

“கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்” என்றேன். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அக்கா வாசலில் நின்றாள். “ஓம், வாறன்” என்று யாருக்கோ யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்ணா இவள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. முன்னறைக் கதவில் ‘ஆலோசனை அறை’ என்று பலகை. உள்ளே இரண்டு நாற்காலிகள். இரண்டிலும் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி.

“இங்க யாருமே வர்றதில்லையா?”

“வந்த புதுசுல பலகை மாட்டிட்டு ஏழு மாசம் காத்திருந்தேன். ஒருத்தர் வரல. நம்ம வாசல்ல சைக்கிள் நின்னா அது யாரோடதுன்னு ஊருக்கே தெரியும்டா. மத்தியானத்துக்குள்ள கதை கட்டிருவாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதினொரு வருடத்துக்கு ஒரு பலகையும் இரண்டு நாற்காலியும்தானா என்று கத்திவிட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. “எனக்கும் சில நாள் அப்படித்தான் தோணுது. காட்ட ஒண்ணுமில்ல. நாளைக்கு ஒருநாள் என்கூட இரு. அப்புறமும் வான்னா வந்துடறேன்” என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்குப் பின்னால், மாமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அங்கே தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. அதற்குப் பத்துக் கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். சுற்றிலும் வெங்காயத் தோட்டம், பஞ்சமே இல்லை. வருகிறவர் உட்கார்ந்து உரிப்பார், எழுந்து போவார். இதற்கா கடல் தாண்டி வந்தாய் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நானும் உரித்தேன்.

நாலு மணிக்கு மற்றவர்கள் பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். யோகன் அண்ணை வந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழப்போனேன். “தம்பி இருக்கட்டும். எங்கடை ஆள்தானே” என்றார். பிறகு வெங்காயத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வெங்காயம் உரிக்க வந்தவரை ஏன் வந்தாய் என்று ஊர் கேட்காது. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, கைக்கு வேலை இருக்கிறது. கண் கலங்கினாலும் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. ஆளில்லாத அந்த அறையைவிட்டு அக்கா வந்து உட்கார்ந்த இடம் இது.

அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார். அக்கா பேசியது நாலு வாக்கியம் இருக்கும். நானாக இருந்தால் அதற்குள் நாற்பது ஆறுதல் சொல்லிக் கெடுத்திருப்பேன். கடைசியில் அவர் சொன்னதை மட்டும் எழுதலாமா என்று கேட்டேன், சம்மதித்தார்: “இப்பதான் நான் பிள்ளையளோடை ஒண்டா இருந்து சாப்பிடுறன். நீங்க போனா, இதையெல்லாம் ஆரிட்டை நான் கதைக்கிறது?”

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தாள். “இப்ப சொல்லு. வரட்டா?”

“பேசாம போய்க் கையெழுத்துப் போடு” என்றேன். இவள் என் அக்கா என்று ஊர் முழுக்கக் கத்த வேண்டும்போல அப்படி ஒரு பெருமை.

போகிறவர்களுக்கு: இந்தியர்கள் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து புத்தூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பக்கத்திலேயே வற்றாத நிலாவரைக் கிணறு, பார்க்காமல் வராதீர்கள். ஊழியரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு, கையில் கொடுக்கிற வேலையைச் செய்யுங்கள்.

செவ்வாய்க்கிழமை தனியாக வந்து நின்ற என்னை அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்படி என்னத்தடா செய்றா அங்க?”

“சொல்லக்கூடாதும்மா.”

“பெத்தவகிட்டகூடவா?”

“யார்கிட்டயும். அதுதான்மா அவ வேலையே.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கமிட்டிக்காரங்க இங்க வரட்டும் மக்கா. எனக்கு எல்லாம் தெரியும், ஆனா சொல்லமாட்டேன்னு சொல்லிருதேன்.”