படுத்திருக்கிற ஆளுக்கும் உண்மையோ?

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். பிரெஞ்சுத் தலைநகரின் ஓரத்தில், சார்செல்லில் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த என் மகள் அபிரா, "அப்பா, கால்விரல் இருக்கிற மாதிரியே தெரியேல்லை" என்றாள். சப்பாத்து இறுக்கமாக இருக்கும் என்றேன். அவளுக்குப் பதினேழு வயது. லிசேக்கு (உயர்நிலைப் பள்ளிக்கு) போகும் ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

அன்று பின்னேரம் படியில் விழுந்தாள். மறுநாள் கதிரையிலிருந்து எழும்பக் கைகளை ஊன்ற வேண்டியிருந்தது. பொழுதுபடும்போது கைகளும் ஊன்ற மறுத்தன.

உர்ஜான்ஸில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) ஒரு வைத்தியர் சிறிய சுத்தியலால் அவளுடைய முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். அவருடைய முகத்தில் ஏதோ மூடிக்கொண்டதைப் பார்த்தேன். வைத்தியர்களின் முகத்தைப் படிக்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தபின் பெயர் சொன்னார்கள்: கில்லன்-பாரே (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், தடம் மாறித் தன் நரம்புகளின் மேலுறையையே தாக்கும் நோய்). சில வாரங்களுக்கு முன் வந்த சாதாரண வயிற்றோட்டம் அதைத் தொடக்கியிருக்கலாம். அது காலிலிருந்து மேலே ஏறும். நெஞ்சுவரை ஏறினால் மூச்சுவிடுவதே கடினமாகும். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, இமியுனோகுளோபுலின் (இரத்த தானம் செய்தவர்களின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.

"நடப்பாளா?" என்று நரம்பியல் வைத்தியரிடம் கேட்டேன்.

"பெரும்பாலானவர்கள் நடக்கிறார்கள்."

"எப்போது?"

"அது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன்."

அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். எங்களிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவர்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

ஏனென்றால் அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லோரிடமும் ஒரு பொன்மொழி இருந்தது. ஓல்னேயில் இருக்கும் மைத்துனர் காலையில் ஒன்று அனுப்புவார், பூப் படத்தோடு. கோயிலில் கண்டவர்கள் சுகந்தியின், என் மனைவியின், கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்வார்கள். பொறுத்தால் எல்லாம் சரிவரும், நடப்பதெல்லாம் நன்மைக்கே, வலி மனிதரைப் பொன்னாக்கும் என்ற வகையில்.

நான் இவற்றைக் கேட்டுக் கோபப்பட உரிமையற்றவன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாணக் காட், சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு) அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவுமலர். ஆண்டு முடிவில் கடைகளுக்குக் கிழிக்கிற கலண்டர். தாளின் நடுவில் திகதி, பக்கத்தில் ராகு காலம், அடியில் ஒரு சிந்தனை வரி. அந்த வரிகளைத் தேடிப் போடுவது நான். கிடைக்காத நாளுக்கு நானே எழுதி நிரப்புவேன்.

பலசரக்குக்கடை நேசன் அண்ணை ஒரு மத்தியானம் வைத்தியசாலை வரந்தாவுக்கே வந்தார். தோடம்பழப் பையை என்னிடம் தந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வருத்தம் வாற வீட்டுக்குத்தான் கடவுள் முதல்ல வருவாராம். அந்தக் காலத்துப் பெரியாக்கள் சும்மா சொல்லேல்லை."

"அதை நான்தான் சொன்னனான் அண்ணை. ஆடி மாசத் தாளிலை. இடம் வெறுமையாக் கிடந்தது."

அவர் என் தோளில் தட்டினார். "அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்."

சுகந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

நோய் மூச்சைத் தொடுமுன் நின்றது. மூச்சுக் குழாய் தேவைப்படவில்லை. சாதாரண வார்டுக்கு மாற்றியதும், விடாமல் முயல்பவரை எந்தத் தடையும் நிறுத்தாது என்ற பொருள்பட்ட தாளொன்றை அவளுடைய கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். அபிராவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

"அதிலை என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"ஸே நுல், அப்பா." படு மட்டம் என்கிறாள். "நான் விடாமத்தான் முயற்சி செய்யிறன். கால் அசையேல்லை. அப்ப பிழை என்னிலையோ?"

நான் எழும்பித் தாளைக் கழற்றினேன்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் சனத்துக்கு இப்பிடி ஒண்டு குடுக்கிறீங்களோ?" என்று கேட்டாள். "பாவம் சனம்."

அவளுடைய உதடு இலேசாகக் கோணியது. நோய் வந்தபின் நான் கண்ட முதல் சிரிப்பு.

அடுத்த ஆண்டுக் கலண்டருக்கான வரிகளைச் சேர்க்கும் காலம் அது. வேலையை அவளுடைய கட்டிலருகே கொண்டுபோனேன். நான் வாசிப்பேன், பொருள் சொல்வேன், அவள் தீர்ப்புச் சொல்வாள். விதி அவள் வைத்தது: படுத்திருக்கிற ஆளுக்கும் இது உண்மையோ? எழும்பி நிற்பவருக்கு மட்டும் உண்மையானது வேண்டாம்.

கட்டுக்கட்டாகப் போயின. நோயால் மனம் தூய்மையாகும் என்றவை போயின. முன்வினை என்றவை எல்லாவற்றுக்கும் முன்னால் போயின. நன்மைக்கே என்ற வரி வந்தபோது சுகந்தி, "அதை வாசிக்கவே வேண்டாம்" என்றாள்.

ஆனால் எல்லாம் போகவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் பக்கத்தில் பேசாமல் இருப்பதும் ஓர் உதவி என்ற வரி தப்பியது. "இதை நேசன் மாமாவுக்கு அனுப்புங்கோ" என்றாள். உதவி கேட்பதால் யாரும் சிறுத்துப்போவதில்லை என்ற இன்னொன்றும் தப்பியது. மலம் கழிக்கத் தாதியைக் கூப்பிட வேண்டிய ஒவ்வொரு முறையும், அவமானத்தில் முகம் சுருங்க, அந்த வரியைத் தன் தமிழில் முணுமுணுத்துவிட்டு மணியை அமத்தினாள். என் வேலையில் அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு மறுவாழ்வு மையம். தொடை அசைந்தது, முழங்கால் வந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவளை நிறுத்தினார்கள். நின்றாள். அந்தச் சந்தோஷத்தில் பயிற்சி முடிந்தபிறகும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி எழும்பினாள். நானும் "இன்னும் ஒருக்கா, பிள்ளை" என்றேன். மறுநாள் அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து, கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

கினே (இயன்மருத்துவர்) எங்கள் இருவரையும் சேர்த்துக் கண்டித்தார். நோய் திரும்பவில்லை, புதிதாக உறை போடும் நரம்பை அடித்து ஓட்டியிருக்கிறீர்கள் என்றார். களைப்பதற்கு முன் நிறுத்த வேண்டும். களைத்தபின் நிறுத்தினால் நாளைய பலத்தையும் இன்றைக்கே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

அவர் போனதும் அபிரா என்னைப் பார்த்தாள். "இதைப் போடுங்கோ கலண்டரிலை."

போட்டேன். தன் கடைக் கலண்டரின் மாதிரியைப் பார்த்த நேசன் அண்ணை அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, களைக்க முதல் நிப்பாட்டச் சொல்லிக் கலண்டர் குடுத்தா என்ர கடையிலை வேலை செய்யிறவங்கள் காலமையே குந்தியிருவாங்கள்!"

"இருக்கட்டும் அண்ணை."

"இதென்ன, விரல் விறைச்சா அண்டைக்கே உர்ஜான்ஸுக்குப் போ எண்டு? இது சிந்தனையோ?"

"ஓம். என்ர சிந்தனை."

"வெறுந்தாளும் கிடக்கு."

"கிடக்கட்டும். ஒண்டும் சொல்லாத நாளும் சனத்துக்கு வேணும்."

வேறு அச்சகம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது ஒரு வரந்தாவில் நிற்கலாம். உங்கள் பிள்ளையின் வலிக்கு யாராவது ஒரு நோக்கம் கண்டுபிடித்துச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒரு நோக்கமும் இல்லை. என் மகள் நோயால் மேன்மை அடையவில்லை. அவள் முன்பே மேன்மையாகத்தான் இருந்தாள். ஆனால் நல்ல வரியொன்று கிடைத்தால் விடாதீர்கள். அதைக் கட்டிலருகே கொண்டுபோய்ப் படுத்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் தலையாட்டினால் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குள் மாறியவை வேறு. ரயிலில் இருக்கும்போது சப்பாத்துக்குள் என் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன். அவள் "களைப்பாயிருக்கு" என்றால் என் கண் அவளுடைய முழங்காலுக்குப் போகிறது. எல்லா நாளும் ஒரே அளவு தாள் என்று நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் வெட்டிக் கட்டினேன். பெருவிரல் அசைந்த நாள் எந்தத் தாளுக்குள்ளும் அடங்காது. அதற்கு முந்திய மாதம் முழுவதையும் ஒரு தாளில் மடித்துவிடலாம்.

போன சனிக்கிழமை, அபிரா தனியாக அச்சகத்துக்கு வருவதாகச் சொன்னாள். சார்செல்லிலிருந்து ரயில், காருதுநோர் நிலையத்தில் இறங்கி நடை. கூட்டிப்போக ஒருவரும் வரக்கூடாது என்பது கட்டளை. சுகந்தி வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தபடி இருந்தாள். நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். வரவேண்டிய நேரம் கடந்தது. காருதுநோரின் படிகளை நினைத்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தை நினைத்தேன். போகலாம் என்று மேல்சட்டையை எடுத்து, மறுபடி ஆணியில் கொழுவினேன்.

வந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், நெற்றி முழுக்க வியர்வை. நடை அழகாக இல்லை. இடது பாதம் இன்னும் நிலத்தைத் தேடித்தான் வைக்கிறது. நான் கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் வைத்தேன். அவள் அதை ஊன்றுகோலால் என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் இருங்கோ அப்பா. நான் கொஞ்ச நேரம் நிக்கப் போறன்."