ஒரு சிவப்புக் கட்டம்

கிராஃப் தாளில் நான் வரையும் கப்பல்களைக் கொசுவலை என்று கேலி செய்யும் கேன்டீன் நண்பர்களுக்காக இதை இந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று காலை குன்றத்தூரில் பஸ் ஏறியபோது புதுப் படம் என் மடியில் இருந்தது. அந்தக் காலத்தில் தென்துருவம் தேடிப்போய்ப் பனியில் சிக்கிக்கொண்ட கப்பல். பாய்மரக் கயிறு வரை கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டியிருந்தேன்.

பக்கத்து சீட்டு அம்மா, கப்பலை விட்டுத் தள்ளி வெள்ளையில் தனியாக இருந்த சிவப்புக் கட்டத்தைத் தொட்டார்.

"இது இன்னாபா, கை தவறி பட்டுச்சா?"

"ஆளும்மா. உதவி தேடி நடந்து போறாரு."

"திரும்பி வந்தாரா?"

புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "வரலம்மா."

அவர் கட்டத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "எம்புள்ள கோச்சிக்கினு போய் ரெண்டு வருசம் ஆவுது. அதுக்குத்தான் வேண்டிக்க வல்லக்கோட்டை கோயிலுக்குப் போறேன்" என்றார்.

இறங்கும்போது மறுபடியும் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"கப்பலாண்ட திரும்பி வர்றான்னு வெச்சிக்கயேன். ஒரு பொட்டுதான, யாருக்குத் தெரியப்போவுது."

ஷிஃப்ட் முழுக்க அதே நினைப்பு. ஒரே ஒரு கட்டத்துக்கு முகம் எது, முதுகு எது?

படத்தைப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டத்து ஆள் போகிறாரா, வருகிறாரா என்று கீழே எழுதுங்கள்.

கொசுவலைக் கேலியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.