வளர்மதி செய்த எட்டடிக் கால் கட்டில்

தாண்டவராயன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார் என்பதைக் கண்டுபிடிக்க வளர்மதிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கேட்டால், "குடிச்சிக்கினுதான் கீறேன்" என்பார். சொம்பு என்னவோ வைத்தது வைத்தபடி இருக்கும். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் பெண்டாட்டி வளர்மதியைக் கூப்பிட வேண்டும். அவள் அக்குளில் கை கொடுத்து, மூச்சிரைக்கத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்கு நாக்கு வறண்டே கிடக்கலாம் என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டார். ஆம்பிளை ரோஷம், வேறென்ன! காய்ச்சல் வந்து இரண்டு தடவை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூன்றாவது தடவை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் வளர்மதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எட்டு மாதத்துக்கு முன்புவரை அவர் பட்டுத்தறி நெய்தவர். சாலவாக்கம் ரோட்டில் காயப் போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கி முதுகெலும்பு அடிபட்டது. கை இரண்டும் இன்னும் இரும்புதான். கால் இரண்டிலும் உணர்ச்சியே இல்லை. அந்தக் கால் இனித் தறி மிதிக்காது என்பதையும் அதே டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? முதலாளி தறியில் பூட்டியிருந்த பாவு நூலைக் கழற்றிக்கொண்டு போன பிறகும், வெள்ளிக்கிழமை தவறாமல் வெறுந்தறியைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு மேலே ஒரு கம்பி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்து உட்கார்ந்ததை வளர்மதி பார்த்திருக்கிறாள். வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும். கொசுவலை கட்டுகிற பெரிய கட்டில் மாதிரி நாலு காலும் ஆளுக்கு மேல் ஓங்கி, உச்சியில் சுற்றிலும் சட்டம் ஓட, நடுவே படுத்தபடி பிடித்து எழ, கைக்கெட்டும்படி தொங்கும் ஒரு குறுக்குக் கட்டை. புயலில் சாய்ந்த கொல்லை வேம்பை உத்திரமேரூருக்கு ஏற்றினாள். மரம் அறுக்கிற மில் வைத்திருந்த சாம்சன், கட்டைகளோடு உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் இரவல் கொடுத்தான். "ஈர மரம்க்கா. ரெண்டு மாசம் காயட்டும்" என்றான்.

"வூட்ல மனுசன் காஞ்சிக்கினு கீறாரு, இது காயறதுக்கு எங்க நிக்கிறது?" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதுவரை உளியைத் தொட்டவளில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தாள். முதல் நாளே கட்டைவிரல் நகம் கறுத்தது. ஒரு எட்டடிக் காலில் துளை கோணலாகப் போய், அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுத்தாள். பக்கத்து வீட்டு செங்கேணி வேலியோரம் நின்று, "இன்னா வளரு, இந்த வயசுல ராஜா ராணி கட்டில் கேக்குதா?" என்று சிரித்தாள். வளர்மதியும் சிரித்து வைத்தாள். உள்ளே எரிந்தது.

வீடியோவில் புரியாததையெல்லாம் தறியைப் பார்த்துச் செய்தாள். வினை அங்கேதான் வந்தது. இருபது வருஷமாகக் கண்ணெதிரே நின்ற மரச்சாமான் அது ஒன்றுதானே! தறியில் மூட்டு எதுவும் இறுக்கமாக இருக்காது; கழற்றி மாட்ட வசதியாகத் துளையைத் தொளதொளவென்று விட்டு ஆப்பு அடித்திருப்பார்கள். அவளும் அப்படியே அடித்தாள்.

இருபதாம் நாள் கட்டில் நின்றது. வாசல் பக்கமாகப் போட்டு, சாம்சனும் அவளுமாக அவரைத் தூக்கி மாற்றினார்கள். அவர் மேல்கட்டையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கட்டில் மொத்தமும் குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. ஆப்பு தெறித்துச் சட்டம் அவர் தோளில் விழுந்தது. "விட்டுடு வளரு" என்றார். அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாம்சன் மூட்டுகளை ஆட்டிப் பார்த்தான். "தறிய பாத்து செஞ்சிக்கிறக்கா நீ. தறி மூட்டுலயா நிக்குது? அதுங்காலு ஒண்ணரை அடி மண்ணுக்குள்ள கீது, பூமி புடிச்சிக்கினு கீது. இத யாரு புடிப்பா? இதையும் மண்ணுல எறக்கு."

மறுநாள் காலை கடப்பாரையை எடுத்து வாசல் பக்கத்துச் சிமெண்ட் தரையைக் குத்த ஆரம்பித்தாள். மூன்றாவது குத்தில் தாண்டவராயன் குரல் கொடுத்தார்.

"நல்ல தரைய எதுக்கு ஒடைக்கிற? நாலு குழி ஏற்கெனவே கீதே." சொல்லிவிட்டுத் தறிப் பக்கம் மோவாயைக் காட்டினார்.

"அது உங்க தறிங்க. நாளைக்கு எழுந்து ஒக்காந்து நெய்ய வேணாமா?" அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"டாக்டரு எங்கிட்டயும் சொன்னாருடி, ஒனக்கு முன்னாடியே. நீ வாரா வாரம் தொடச்சிப் பொட்டு வெச்சிக்கினு இருந்த. ஒன் நெனப்ப ஏன் கெடுக்கணும்னு கம்முனு கெடந்தேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எட்டு மாதமாக ஒரே அறையில் இரண்டு பேரும் ஒரே பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறார்கள்! "தண்ணி குடிக்காம கெடந்ததும் என் நெனப்ப காப்பாத்தத்தானா?" என்று கத்தினாள்.

எந்த ஆப்பை முதலில் தட்ட வேண்டும், எந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்று அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவளே தறியைக் கழற்றினாள். நெய்கிறவர் காலை விட்டு உட்காருகிற பள்ளத்தை மண் கொட்டி மூடியபோது மட்டும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தறிக்கால் நின்ற குழிகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கட்டில் கால்களை இறக்கி, சாம்சன் கல் போட்டுக் கெட்டிப்படுத்தினான். கால்கள் உள்ளே போனதால் படுக்கைச் சட்டத்தை மாட்டக் கால்களில் இன்னும் மேலே புதிதாகத் துளை வேண்டியிருந்தது. இந்தத் தடவை சுத்தியால் அடித்தால்தான் நுழையும் என்கிற மாதிரி இறுக்கமாகப் போட்டாள்.

தூக்கி மாற்றியதும் அவர் கட்டையைப் பிடித்து இழுத்தார். மரம் முனகியதே தவிர அசையவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாம்சன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, "அந்த மூத்திர டப்பாவ கைக்கெட்டற மாதிரி வெச்சிட்டு வெளிய போ" என்றார்.

வளர்மதி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே மரம் கிரீச்சிட்டது. ஓடிப் போய்த் தாங்கலாம்போல இருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சு, வா" என்று குரல் வந்தது. எட்டு மாதமாக அவளைக் கூப்பிட்ட குரலில் இருந்த கெஞ்சல் அதில் இல்லை. அவள் உடனே போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் எழுந்ததற்கும் தறி போனதற்கும் சேர்த்து அழுது முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.