குளிரில் ஒளித்த பீர்

அந்தச் சின்ன பீர் ஆலையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முதுகுக்குப் பின்னால் பாகற்காய். தயாரான பீரை ருசி பார்த்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. "பரவாயில்ல" என்பதுதான் அவள் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு. பாராட்டு மலிந்தால் நாக்கு மழுங்கும் என்று நம்பினாள். நம்பிக்கையில் பிழையில்லை. அதன் சுமையை யார் தூக்குகிறார்கள் என்று மட்டும் அவள் யோசித்ததில்லை.

சுமந்தவன் அங்கேயே பீர் காய்ச்சிய அவள் தம்பி. மற்றவர்கள் சொன்ன பக்குவத்தில் காய்ச்சி வந்தவன், முதன்முறையாகத் தன் சொந்தப் பக்குவத்தில் ஒன்று செய்திருந்தான். போதை கூடியது; கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டது. தேறினால் பெரிய தொட்டியில் அதையே காய்ச்சலாம். தேறாவிட்டால் இனி சொந்தப் பரிசோதனையே கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ருசி அறையில் அக்கா, கிடங்குக்காரர், கணக்கர். மூவரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. எழுதியதை மாற்றக்கூடாது. இரண்டும் அக்கா போட்ட சட்டங்கள்.

தம்பி கொண்டுவந்து வைத்த கோப்பைகளில் பனி பூத்திருந்தது. மற்ற இருவரும் பல் கூசக் குடித்து, உடனே எழுதினார்கள். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது; இந்தக் குளிரில் மணம் எழும்பாது. பேச முடியாது. கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முதலில் வெறும் கசப்பு. குளிர் விட விட ஆரஞ்சுத் தோல், மழையில் நனைந்த மரப்பட்டை. கசப்பு நாக்கைச் சுரண்டாமல் நிமிர்ந்து நின்றது. தொண்டைக்குள் மெல்லச் சூடு இறங்கியது. குறை தேடினாள், அகப்படவில்லை. கோபம் இரட்டிப்பானது.

முதலாளி வந்து தாள்களைப் படித்தார். அக்கா அதுவரை யாருக்கும் போடாத மதிப்பெண் போட்டிருந்தாள். மற்ற இருவரும் "மணமே இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் தேறவில்லை.

"யாருடா உன்னை ஐஸ்ல வைக்கச் சொன்னது?"

"குறை இருந்தா தெரியாதுன்னு வச்சேன்க்கா."

"எங்கடா குறை? இருந்த மணத்தையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டுட்டு." முதலாளியிடம் திரும்பினாள். "இன்னொரு தடவை பார்க்கணும்."

கிடங்குக்காரர் சிரித்தார். "போன மாசம் என் மச்சான் பீருக்கு நான் கேட்டப்ப, எழுதினா எழுதினதுதான்னீங்க. தம்பின்னா சட்டம் வளையுமோ?"

 சட்டம் நியாயமானது, அன்று அது அநியாயம் செய்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருந்ததைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

"சரி, விடுங்க. மிச்சத்தைக் கொட்டிடு தம்பி" என்று முதலாளி எழுந்துகொண்டார்.

கழுவும் அறையில் தம்பி பீப்பாயைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்துது" என்றாள், திட்டுவதுபோல.

"இப்ப சொல்லு."

"முன்னாடியே எனக்கு ஒரு வாய் கொடுத்திருந்தா என்னடா?"

"கொடுத்தா என்ன சொல்லியிருப்ப? பரவாயில்லன்னு. அதைக் கேட்டுட்டு அப்புறம் எந்த மூஞ்சியோட இங்க வர்றது?"

தரையில் பீர் காய்ச்சும் கொப்பரையைக் கழுவிய வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கலந்ததும் பீர் தன் மணத்தையெல்லாம் ஒரே மூச்சில் விட்டது. அறை நிறைந்து, நடை வரைக்கும் போனது.

கிடங்குக்காரர் எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "என்னங்க இது, இவ்வளவு வாசனையா இருக்கு?"

அக்கா அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.