ஒற்றைக் கைக்கு ஒரு ராட்டை

மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால், முடியவில்லை என்பதையாவது எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த விதியை வகுப்பெடுத்தே நான் ஓய்வு பெற்றேன். எல்லோரும் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பக்கவாதத்தில் என் மனைவியின் வலக்கை விழுந்துவிட்டது. பிடித்த கைவேலை எதையாவது கொடுங்கள், சும்மா உட்காரவிடாதீர்கள் என்றார் மருத்துவர். அவள் கேட்டது தக்ளி. நாகப்பட்டினத்துப் பக்கம் பள்ளியில் படிக்கும்போது, அந்தச் சின்னக் கதிரைச் சுழற்றி நூல் நூற்றுப் பரிசு வாங்கியவள். ஆனால் தக்ளிக்கு இரண்டு கை வேண்டும். ஒன்று சுழற்ற, ஒன்று பஞ்சை இழுக்க. காலால் மிதிக்கும் ராட்டை என்றால் ஒரு கை போதும். காரைக்கால் கடைகளில் கேட்டேன். அலமாரியில் வைக்கும் பொம்மை ராட்டைதான் இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு மிதி ராட்டை தரும் திட்டம் ஒன்று இருப்பது தெரிந்து, அவள் பெயரில் மனு கொடுத்தேன். இணைப்புகளில் ஒரு குறை சொல்ல முடியாது.

"யார் கையும் படாம ஒரு முழம் நூலாவது நானே நூக்கணுங்க" என்றாள்.

ராட்டை வரும்வரை என் வலக்கை அவளுடையதாயிற்று. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து நான் தக்ளியைச் சுழற்ற, அவள் இடக்கையால் இழுப்பாள். மருந்துக்கடைப் பஞ்சில் இழையே நிற்கவில்லை. பழைய தலையணையைப் பிரித்தோம்; இலவம்பஞ்சு வழுக்கிக்கொண்டு பறந்து, இரண்டு பேரும் தும்மியதுதான் மிச்சம். அரசலாற்றங்கரையில் எருக்கங்காய் பறித்து வந்தேன். அந்தப் பஞ்சு பட்டாக மின்னியது, தனியாக நிற்கவில்லை. நல்ல பருத்தி வாங்கி அதோடு கலந்தபோதுதான் முதல் நூல் வந்தது.

வந்த நூலைக் கெடுத்தது நான். காபி குடித்துவிட்டு வந்து, தக்ளியை எதிர்ப்பக்கம் சுழற்றிவிட்டேன். அதுவரை ஏறிய முறுக்கெல்லாம் பிரிந்து, தக்ளி தரையில் விழுந்தது.

"எந்தப் பக்கம் சுத்தணும்னு எத்தனவாட்டி சொல்றது? ஆபீஸ்ல ஃபைல சுத்தவிட்ட பழக்கம் போவாது போலருக்கே."

ஒற்றைக் கையால் முடிகிற வேலை ஒன்று கண்டுபிடித்தேன். ஈரமான வாழைநாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைத் தொடையில் வைத்து உருட்டுவது. ஒரே உருட்டில் முறுக்கேறியது. பெருமையோடு அவளிடம் காட்டினேன்.

"இது நூலா? கயிறு. கயிறு திரிக்கிறதெல்லாம் நீங்க பாத்துக்குங்க. அதுல நீங்க கெட்டிக்காரரு."

சிரித்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உடனே முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

மாதம் தவறாமல் அலுவலகம் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் வகுப்பில் குறிப்பெடுத்தவர்களில் ஒருவர்.

"ஃபைல் பாண்டிக்குப் போயிருக்கு சார். உங்களுக்குத் தெரியாததா!"

தெரிந்ததுதான். இடைக்காலப் பதிலாவது கொடுங்கள் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் பஞ்சு நமுத்துப்போயிற்று. இட்லிப் பானை மூடியைச் சூடாக்கி அதன்மேல் உலர்த்தி வைத்தேன். அப்போதெல்லாம் அவள் விரல் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு நாள் இழுத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "ராட்டை வந்துடுச்சா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "வந்தா, நீங்க கிட்ட உக்காராதீங்க. நான் தனியா செஞ்சு பாக்கணும்."

கார்த்திகையில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அவள் உயிர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

தக்ளியில் பாதி நூல் சுற்றியபடி இருந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்தபின் ஒருநாள் எடுத்தேன். வலக்கை சரியான பக்கம்தான் சுழற்றியது. இடக்கைக்கு இழுக்கத் தெரியவில்லை. நூல் அறுந்தது. அவள் இழுத்த நூலில் மேற்கொண்டு கைவைக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் தபால்காரர் வந்தார். "அம்மா பேருக்கு சார். அவங்க கையெழுத்து வேணும்." சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு என்னிடமே கொடுத்தார்.

மனு பரிசீலனையில் உள்ளதாம். மனுதாரர் நேரில் வந்து, பிறர் உதவியின்றித் தாமே நூற்கும் திறனைச் செய்து காட்ட வேண்டுமாம்.

எழுதியவர் மேல் கோபம் வரவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் இதே வாசகத்தைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன். அவளும் கேட்டது அதைத்தானே.

வந்த கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த நாளைக் குறிக்க வேண்டும் என்பதும் விதி. சாமி தீர்த்தவாரிக்கு ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது; அலுவலகங்களுக்கு உள்ளூர் விடுமுறை, தபாலுக்கு மட்டும் இல்லை. பேனாவை எடுத்துக் குறித்தேன்: மாசிமகம்.